விபூதி இல்லாத வீடு

எங்கள் தெருவில் பக்தி என்றால் அது எதிர்வீட்டுக் கமலவேணிதான். நாங்களெல்லாம் விபூதியை நெற்றியில் பூசிக்கொண்டு ஒரு சிட்டிகையை வாயில் போடுவோம். அவள் ஒரு சிட்டிகையை நெற்றியில் பூசிக்கொண்டு மீதியை வாயில் போடுவாள். கச்சபேஸ்வரர் கோயிலுக்குப் போனால், மற்றவர்கள் தூணோரம் கொட்டிவிட்டுப் போன விபூதியையும் வழித்து முந்தானையில் முடிந்துகொண்டு வருவாள். வயிற்றில் அப்போது ஆறு மாதம். உதடு வெளுத்து, முகம் வெளுத்து, உள்ளங்கையும் வெளுத்திருந்தது. "மொகத்துல இன்னா களை பாரு" என்று தெருவே மெச்சிக்கொண்டது. எங்கள் தெருவின் கண் லட்சணம் அப்படி.

எல்லோரையும்விடப் பூரித்தவர் அவளுடைய மாமனார் வேலாயுதம். அதற்குக் காரணம் இருந்தது. அவருடைய தாயார் லோகாம்பாளும் இப்படித்தான் விபூதியை அள்ளி அள்ளித் தின்பாராம். வேலாயுதம் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, இரண்டாவது பிரசவத்தில் அந்த அம்மாள் போய்விட்டார். சிவனே கூப்பிட்டுக்கொண்டான் என்று ஊர் சொன்னது. அன்றிலிருந்து அந்த வீட்டில் அவருக்கென்று ஒரு மாடம், ஒரு விளக்கு, ஒரு கிண்ணம் விபூதி. கார்த்திகையில் திதி வந்தால் சிவனடியார்களுக்குச் சாப்பாடு உண்டு.

"எங்கம்மாதான் திரும்பி வந்துக்கீறாங்க" என்று வேலாயுதம் மருமகளைக் காட்டி எல்லோரிடமும் சொல்லுவார். அது நல்ல வாக்கா, கெட்ட வாக்கா என்று யாரும் யோசிக்கவில்லை.

காங்கிரஸ் போய்க் கழக ஆட்சி வந்த மறு வருஷம் ஆடி மாதம். கமலவேணி தறியில் புருஷன் குப்புசாமியின் பக்கத்தில் உட்கார்ந்து புடவைக் கரைக்கு நூல் ஓடும் நாடாவைத் தள்ளிக்கொண்டிருந்தவள், அப்படியே பாவு நூலின் மேல் சாய்ந்துவிட்டாள். "தொடாதே, தியானத்துல கீறா" என்றார் வேலாயுதம். குப்புசாமி அப்பாவை எதிர்த்துப் பேசியதே இல்லை. அன்றும் பேசவில்லை. பெண்டாட்டியைத் தூக்கி ரிக்ஷாவில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டான். பின்னாலேயே வேலாயுதம் ஓட, துணைக்கு நானும் ஓடினேன்.

டாக்டரம்மா கமலவேணியின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார்.

"மண்ணு, சாம்பல், பச்சரிசி, இப்படி ஏதாவது தின்னணும்னு தோணுதாம்மா?"

"விபூதி" என்றாள் கமலவேணி.

"எவ்வளவு?"

அவள் மாமனாரை ஒரு தடவை பார்த்தாள். "கெடைக்கிற வரைக்கும்."

"அது பக்திம்மா" என்றார் வேலாயுதம்.

"பக்தி இருக்கட்டும். உடம்புல ரத்தம் இல்லை. ரத்தம் குறைஞ்சா நாக்கு இப்படித்தான் கேக்கும். இதே மாதிரி விட்டா, பிரசவத்துல இந்தப் பொண்ணு தாங்க மாட்டா."

மாத்திரை எழுதினார். மாத்திரை மட்டும் போதாது என்றார். "ஈரல் சாப்பிடுவீங்களா?" என்று கேட்டவர், வேலாயுதத்தின் நெற்றியைப் பார்த்துவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் முருங்கைக்கீரைக்குப் போய்விட்டார். கீரை, கேழ்வரகு, காராமணி, எள், வெல்லம். "கீரையில எலுமிச்சம்பழம் பிழிஞ்சு குடுங்க. அப்பத்தான் உடம்புல ஒட்டும். சாப்பிட்ட கையோட காபி கூடாது. விபூதி அறவே கூடாது."

திரும்பி வரும் வழியில் வேலாயுதம் நன்றாக யோசித்து, காபியை நிறுத்துவதற்கு மட்டும் ஒப்புக்கொண்டார்.

மற்றதை அவர் மனைவி தையல்நாயகி பார்த்துக்கொண்டாள். காலையில் வெல்லம் போட்ட கேழ்வரகுக் கூழ், மதியம் கீரை, சாயங்காலம் காராமணிச் சுண்டல் என்று திட்டம் போட்டாள். பிள்ளைத்தாச்சிக்கு எள் சூடு என்று டாக்டரம்மாவின் எள்ளை மட்டும் தள்ளுபடி செய்தாள். அவர்கள் கொல்லை முருங்கை மொட்டையானதும் எங்கள் மரத்துக்கு வந்தாள். குப்புசாமி இரண்டாம் தடவை கீரை கேட்டபோது, "நீயா பெக்கப் போறே?" என்று கரண்டியைப் பின்னால் இழுத்துக்கொண்டாளாம். பாவம், அவனும் தறியில் உழைக்கிறவன்தான்.

ஆனால் விபூதி நிற்கவில்லை. லோகாம்பாள் மாடத்துக் கிண்ணத்தைக் கமலவேணி வழித்து நக்கிக்கொண்டிருந்ததைத் தையல்நாயகி பார்த்துவிட்டாள்.

"எங்கம்மா மாடத்து விபூதி. அது இன்னா பண்ணும்?" என்றார் வேலாயுதம்.

தையல்நாயகி மாடம், பூஜை மூலை, புருஷனுடைய பை என்று வீட்டிலிருந்த விபூதி முழுவதையும் ஒரு பால் பவுடர் டப்பாவில் கொட்டி, எங்கள் வீட்டில் கொண்டுவந்து வைத்துவிட்டாள். சைவ வீட்டில் பொட்டு விபூதி இல்லை. தினமும் காலையில் வேலாயுதம் குளித்துவிட்டு, ஈர நெற்றியோடு தெருவைக் கடந்து எங்கள் வீட்டுக்கு வருவார். பூசிக்கொள்வார். "பொம்பள ராஜ்யமாப் பூட்சி" என்பார். போய்விடுவார்.

புரட்டாசியில் ஒரு நாள் காலையில் வந்தவர் போகவில்லை. டப்பாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"இன்னாண்ணா?" என்றேன்.

"நேத்து கோயில்ல குருக்கள் விபூதி குடுத்தாரு. கமலவேணி நெத்தியில இட்டுக்கினா. மீதியத் தூணாண்ட கொட்டிட்டா. நாக்குல ஒரு துளி வெக்கலப்பா. ஏம்மான்னு கேட்டா, 'வேணும்னே தோணல மாமா'ன்றா."

"நல்லதுதானே."

"கீரையத் துன்னு பக்தி பூட்சி" என்றார்.

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. டப்பாவைத் திறந்து உள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார். நெற்றி ஈரம் காய்ந்துகொண்டிருந்தது.

"அப்போ எங்கம்மாவுக்கு இருந்தது இன்னா, முனிரத்தினம்?"

பதில் அவருக்கும் தெரிந்திருந்தது.

"கீரைதானேப்பா" என்றார். "கொல்லையிலயே மரம் இருந்திச்சே."

வேட்டி முனையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். எனக்கு அழுகை வந்தது. யாரையாவது பிடித்துத் திட்டவேண்டும் போலவும் இருந்தது. திட்டுவதற்கு ஒருவரும் உயிரோடு இல்லை. அன்று அவர் விபூதி பூசாமலே வீட்டுக்குப் போனார்.

ஐப்பசியில் கமலவேணிக்குப் பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் சுகம். டாக்டரம்மா மறுபடியும் இமையை இழுத்துப் பார்த்து, "பரவாயில்லையே" என்றார். கீரை வைத்தது யார் என்று அவர் கேட்கவில்லை. அதில் தையல்நாயகிக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

கார்த்திகையில் லோகாம்பாளின் திதி வந்தது. என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். மாடத்துக்கு எதிரே தலைவாழை இலை போட்டுப் படைத்திருந்தது. இலையைப் பார்த்ததும் சாஸ்திரி முகத்தைச் சுளித்தார்.

"முருங்கைக்கீரை திதிக்கு ஆகாதே, முதலியாரே."

"தெரியும் சாமி."

"சிவனே அழைச்சுண்ட அம்மா. அவாளுக்குப் போய்..."

"யாரும் கூப்பிடல சாமி" என்றார் வேலாயுதம். "ரத்தம் இல்லாம செத்தாங்க."

இன்னும் ஒரு கரண்டி கீரையை அவரே அள்ளி இலையில் வைத்தார். சாஸ்திரி என்னைப் பார்த்தார். நான் விளக்கைப் பார்த்தேன். வேறு வழியில்லாமல் அவர் மந்திரத்தை ஆரம்பித்தார். வேலாயுதம் கையைக் காட்டி அவரை நிறுத்திவிட்டு உள்பக்கம் திரும்பினார்.

"கமலவேணி, எலுமிச்சம்பழம் எங்கேம்மா?"

அவள் குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஒரு மூடி எலுமிச்சம்பழம் கொண்டுவந்து கொடுத்தாள். வேலாயுதம் குனிந்து, விதை விழாமல் விரலிடுக்கில் வடிகட்டி, அம்மாவின் இலையிலிருந்த கீரையின் மேல் கடைசிச் சொட்டு வரைக்கும் பிழிந்தார்.

"அப்பத்தான் ஒடம்புல ஒட்டும்" என்றார் சாஸ்திரியிடம்.