அடியில் தங்கிய இருட்டு

மோசூலுக்கு வெளியே, அபூ சினானின் குஞ்சு பொரிப்பகத்தில், ஜெனரேட்டரின் டீசல் தொட்டிக்கு அடியில் மாதம் ஒரு வாளி இருட்டு தங்கும். இயந்திரம் விரட்டுகிற இருட்டு எங்காவது போய்க் கிடக்கத்தானே வேண்டும். டீசலில் தண்ணீர் கலந்து விற்கிற ஊரில் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஜெனரேட்டரைப் பராமரிக்கும் உஸ்தா முஹன்னத் மாதாமாதம் வந்து எண்ணெய் மாற்றி, பேட்டரியைச் சோதித்து, கடைசியில் தொட்டியின் அடிக்குழாயைத் திறந்து முதலில் தண்ணீரையும் பிறகு இருட்டையும் வாளியில் பிடித்துக் கொல்லையில் குழி வெட்டிப் புதைப்பார். விட்டுவைத்தால் மட்டம் ஏறி எஞ்சினுக்கு டீசல் போகும் குழாயைத் தொட்டுவிடும் என்பார். அரசு மின்சாரம் நினைத்தபோதெல்லாம் போகிற ஊரில் முட்டைகளுக்கு அந்த இயந்திரம்தான் தாய்க்கோழி.

சினானின் தகப்பன் என்பதால் முதலாளி அபூ சினான், தாய் என்பதால் அவர் மனைவி உம் சினான். போர் வந்த வருடம் குஞ்சுகளை ஏற்றிக்கொண்டு நகரத்துக்குப் போன சினான் திரும்பவில்லை. அவன் பெயரால் அவர்களைக் கூப்பிடுவதை மட்டும் ஊர் நிறுத்தவில்லை. அன்று முதல் உம் சினான் தூங்கவில்லை. ஐந்து வருடம் ஒரு கணம்கூடக் கண்ணயரவில்லை. அர்பீல் நகரத்து மருத்துவர்கள் தந்த மாத்திரைகள் வயிற்றைத்தான் கெடுத்தன. உஸ்தா மனது கேட்காமல் ஒரு தேநீர்க் கோப்பை இருட்டைக் கொடுத்தார். தலைமாட்டில் வைத்துப் படுத்தவள் மறுநாள் மதியத் தொழுகைவரை தூங்கினாள். அபூ சினான் வாசலில் நின்று அழுதார். அதன்பின் மாதாமாதம் ஒரு கோப்பை அவளுக்கென்று ஒதுங்கியது.

ஒருமுறை உஸ்தாவுக்குக் காய்ச்சல் வந்து ஒரு மாதம் தவறிப்போனது. இரண்டு மாதம் கிடந்த இருட்டு கெட்டியாக இருந்தது. அதை வைத்து உம் சினான் படுத்தபோது கனவில் சினான் வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான்.

"இனிமே அடிக்குழாயத் தொறக்காதீங்க உஸ்தா," என்றார் அபூ சினான். "நல்லாக் கெட்டியாகட்டும்."

"இது என்ன தயிரா, அபூ சினான்? மேல ஏறினா எஞ்சின் குடிச்சிரும்."

"அவன் இன்னும் வாய் தொறந்து பேசலையாம். கெட்டியானா பேசுவான்னு சொல்றா."

உஸ்தா ஸ்பானரைப் பைக்குள் போட்டுக்கொண்டார். அவர் இடத்தில் யார் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். குளிர்காலம் முழுக்க அடிக்குழாய் திறக்கப்படவில்லை. உம் சினான் விழித்தபடி காத்திருந்தாள்.

வசந்தத்தில் ஒரு நாள் நண்பகலில் அரசு மின்சாரம் போனது. ஜெனரேட்டர் முதல் சுற்றிலேயே கிளம்பியது. சத்தத்தில் ஒரு குறையும் இல்லை. ஆனால் பல்புகள் இருட்டாக எரிந்தன. வெளியே நல்ல வெயில். உள்ளே தன் கை தனக்குத் தெரியவில்லை. சூடும் வராமல் பொரிபெட்டிகள் குளிரத் தொடங்கின. மறுநாள் ஓடு உடைக்க வேண்டிய முட்டைகள் அத்தனையும் அவற்றில் இருந்தன. வேலையாட்கள் தட்டுத் தடுமாறி வெளியேறினார்கள். அபூ சினான் இயந்திரத்தை நிறுத்தினார்; இருட்டு நிற்கவில்லை. அடிக்குழாயில் கையை வைத்தவருக்கு அதைத் திருப்ப மனம் வரவில்லை. சுவரைத் தடவிக்கொண்டு மனைவி வந்து சேர்ந்தாள். அந்த அமைதியில் ஓட்டுக்குள்ளிருந்து ஆயிரக்கணக்கான குஞ்சுகள் கீச்சிட்டன.

"கேக்குதா உங்களுக்கு? கூப்பிடுதுங்க."

"கேக்குது. என்னால முடியல."

"தள்ளுங்க."

அவளே திறந்தாள். வாளி நிரம்பி, முற்றம் நிரம்பி, இருட்டு வாசலைத் தாண்டி நெடுஞ்சாலையின் பள்ளத்தில் போய்த் தேங்கியது. கடைசிச் சொட்டுவரை அவள் அந்தத் தாரையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நடுவில் ஒருமுறை எதையோ பற்றிக்கொண்டதுபோல் விரல்களை மூடினாள். சற்று நேரம் கழித்துத் திறந்தாள்.

பிறகு இயந்திரம் வெளிச்சம் தந்தது. மறுநாள் குஞ்சுகள் பொரிந்தன. உஸ்தா மறுபடி மாதாமாதம் வருகிறார். வாளியை உம் சினான்தான் பிடிக்கிறாள். தனக்கென்று ஒரு கோப்பைகூட எடுப்பதில்லை, தூங்குவதும் இல்லை. சாலைப் பள்ளத்து இருட்டு அப்படியே கிடக்கிறது. நட்ட நடு மதியத்திலும் லாரிக்காரர்கள் அங்கே விளக்கைப் போட்டு, ஹாரன் அடித்து, மெதுவாகவே போகிறார்கள். உள்ளே ஒரு பையன் நிற்கக்கூடும் என்று.