கெளுத்தியின் பட்டினி

தொட்டி சன்னலுக்கு இடப்பக்கம் இருந்ததா, வலப்பக்கமா என்பதில் கரியமாணிக்கத்துக்குப் பிற்பாடு சந்தேகம் வந்துவிட்டது. அந்த வருஷத்து நினைவுகளில் எது கண்ணால் கண்டது, எது பின்னால் தானே இட்டு நிரப்பிக்கொண்டது என்று அவரால் பிரிக்க முடியவில்லை. மீனின் வயிறு மட்டும் அப்படியே நிற்கிறது. பல் துலக்காத வாயோடு ஒரு காலையில் கண்ணாடியருகே குனிந்தபோது, கெளுத்தி மணலில் ஒருக்களித்துக் கிடந்தது. வழக்கமாக அது மரக்கட்டைக்கு அடியிலிருந்து பகலில் வெளியே வராது. அடிவயிறு சுண்டைக்காயை முழுதாக விழுங்கியதுபோல் உப்பியிருந்தது. பின்னால் மலம் வெள்ளை நூலாக, அறுபடாமல் தொங்கியது.

அது மகன் அம்பலவாணன் சீனர் கடைத்தெருவான சோலோனில் வாங்கிவந்த மீன். விரல் நீளம், சேற்று நிறம், தடவித் தடவி இரை தேடும் மீசை. பட்டாளத்துக்கு ஆளெடுத்து அவனைச் சண்டை நடக்கும் பிளேய்க்கு என்ற மலையூருக்கு அனுப்பியபோது, புறப்படுவதற்கு முன் தகப்பனைத் தொட்டியருகே நிறுத்திச் சொல்லிக்கொடுத்தான். இது மேலே வந்து தின்னாது; விளக்கணைத்த பிறகு அடியில் போய்ச் சேருகிற மாதிரி போட வேண்டும். சிவப்புப் புழு ஒரு சிட்டிகை, இல்லாவிட்டால் வெள்ளரித் துண்டு. வாரத்தில் ஒரு நாள் ஒன்றும் வேண்டாம்.

"பசிக்குதேன்னு நெனச்சுப் போட்டுடாதீங்கப்பா. அது எப்பவும் அப்படித்தான் கெடக்கும்."

தகப்பனும் மகனும் அவ்வளவு நேரம் சேர்ந்தாற்போல் பேசிக்கொண்டது அன்றைக்குத்தான் என்று அவருக்குத் தோன்றும். அவர்கள் பிழைக்கக் கப்பலேறி வந்த காரைக்கால்காரர்கள். அயல்நாட்டார் துணிக்கடை வைக்கக் கூடாதென்று சட்டம் வந்தபோது, கடையை விட மனமில்லாமல் கரியமாணிக்கம் பிரெஞ்சுப் பிரஜையாக இருந்ததை விட்டு, குடும்பத்தோடு இந்த நாட்டுப் பிரஜையானார். அப்போது அம்பலவாணனுக்குப் பேச்சு திருந்தவில்லை. பிரஜைக்குப் பட்டாளம் உண்டு என்பது அன்றைக்கு யார் நினைவிலும் இல்லை. மனைவி ஞானம்பாள் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. 

அவள் மாரியம்மன் கோயிலில் நேர்ந்துகொண்டிருந்தாள். பிள்ளை திரும்பும்வரை தினம் மீனுக்குப் பொரி போடுவதாக. ஊரில் கோயில் குளத்தில் போடுவார்கள்; இங்கே குளத்துக்கு எங்கே போவது, வீட்டிலேயே பிள்ளையின் மீன் இருந்தது. விளக்கேற்றியதும் ஒரு கை பொரியைத் தண்ணீரில் தூவிவிட்டுக் கோயிலுக்குப் போவாள். காலையில் ஒன்றும் மிதக்காது. அம்மன் ஏற்றுக்கொண்டாள் என்று கன்னத்தில் போட்டுக்கொள்வாள். பொரி ஊறிக் கனத்து அடியில் இறங்குவதையும், இருட்டில் கெளுத்தி அதைத் தின்று தின்று வயிறு அடைத்துப்போனதையும் அவள் எப்படிக் கண்டாள்?

"கொஞ்ச நாளைக்குப் பட்டினி போடணும் ஞானம். இல்லேன்னா செத்துடும்."

அவள் முறத்திலிருந்து தலையெடுக்கவில்லை. "புள்ளைய அனுப்பிச்சப்ப இந்தக் கவல எங்க போச்சு?"

கீழ்வீட்டு மரியிடம்தான் அவர் இதைச் சொல்ல முடிந்தது. புதுச்சேரி வேதக்காரி, தையல் தைப்பவள், எதற்கும் சிரிப்பவள்; அவரைப் பிரெஞ்சு மரியாதையில் முசே என்பாள். அப்போது தவக்காலம். "எங்களுக்கு நாப்பது நாளு முசே, அதுக்கு நாலு நாளு ஆகாதா? மீனுக்கும் பாவம் இருக்குமில்ல" என்றாள். தகர டப்பாவில் அடைத்த பிரெஞ்சுப் பட்டாணி கொஞ்சம் கொடுத்தாள். உப்புப் போக அலசி, தோலுரித்து, நசுக்கிப் போடலாம், முதலில் வயிறு காலியாகட்டும் என்று இருவரும் முடிவுசெய்தார்கள்.

ஞானம்பாள் கோயிலுக்கு இறங்கியதும் அவர் டீ வடிகட்டியால் பொரியை அள்ளிவிடுவார். அவள் காலையில் வந்து தெளிந்த தண்ணீரைப் பார்ப்பாள். மீனின் வயிறு மெல்ல வடிந்தது. பட்டாணியைத் தொட்டது. வெள்ளை நூல் அறுந்து, கறுத்த மலம் வந்ததைப் பார்த்து அவருக்குக் கண் கலங்கியது.

ஊரடங்கை முன்னதாக்கிய ஒரு நாள் அவள் பாதி வழியிலேயே திரும்பிவிட்டாள். அவர் கையில் வடிகட்டி. உள்ளங்கையில் ஈரப் பொரி.

அவள் கிட்டே வந்து அவர் உள்ளங்கையைப் பார்த்தாள்.

"எத்தன நாளா?"

"இப்பத் தேறி வருது, ஞானம்."

"அதக் கேக்கல." பிறகு நிதானமாகச் சொன்னாள். "நான் போட்டது போட்டதுதான். எடுத்தது நீங்க. அம்மன்கிட்ட அத நீங்களே சொல்லிக்குங்க."

மறுநாளும் பொரி தூவினாள். தூவிவிட்டு, வடிகட்டியைத் தானே அடுப்படியிலிருந்து எடுத்துவந்து தொட்டி விளிம்பில் வைத்துவிட்டுப் படியிறங்கினாள். அவர் எடுத்தார். அடுத்த நாளும் அப்படியே. அவள் வைப்பாள், அவர் எடுப்பார். 

பிளேய்க்குவைக் கைவிட்டுப் பட்டாளம் மலையிறங்குகிறது என்று வானொலி சொன்ன அன்று, அவள் போன பிறகு அவர் வடிகட்டியைக் கையிலெடுத்தார். நேர்ந்தது இன்றாவது முழுதாகப் போய்ச் சேரட்டும் என்று, அதை வெறுமனே பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். பொரி வெளுத்து, பருத்து, ஒவ்வொன்றாக இறங்கியது. மங்கலில் கெளுத்தி வெளியே வந்து மீசையால் மணலைத் தடவியது. அவர் தடுக்கவில்லை. அன்றும் தடுக்கவில்லை, அதற்குப் பிறகு வந்த நாட்களிலும் இல்லை.

மீன் அந்த மாதக் கடைசியில் செத்தது. காலையில் அவள் எழுமுன் அதைத் துணியில் சுற்றிக் கீழே கொண்டுபோய் மரியின் செம்பருத்தித் தொட்டியில் புதைத்தார். ஞானம்பாளிடம் சொல்லவில்லை. கெளுத்தி பகலில் கட்டைக்கு அடியில் கிடப்பது. கண்ணில் படாததை யாரும் தேடமாட்டார்கள். அந்தியில் அவள் பொரி தூவினாள். அவள் போனதும், வெற்றுத் தண்ணீரிலிருந்து அவர் அதை வடித்தெடுத்தார்.

மரி பிரெஞ்சுப் பிரஜைக் காகிதம் வைத்திருந்ததால் மறுவருஷம் பிரெஞ்சுத் துறைமுகமான மார்செய்க்குப் போய்விட்டாள். ஆட்சி மாறியதில் கடை அரசாங்கத்தின் கூட்டுறவுக் கடையானது. மலையிறங்கிய கூட்டத்தில் அம்பலவாணனைக் கண்டதாக ஒருவன் சொன்னான், இன்னொருவன் இல்லையென்றான். அவன் வரவில்லை. ஞானம்பாள் அதற்கப்புறம் ஆறு வருஷம் இருந்தாள். அரிசி அளந்து கொடுத்த காலத்திலும் ஒரு கை எடுத்துவைத்துப் பொரித்தாள். சாகும்வரை அவள் போட்டாள், அவர் எடுத்தார்.