நீ சும்மாதானே இருக்க

குஷன் கடைக்காரருக்குக் கல்யாணமான மூன்றாம் வருடத்திலிருந்து களைப்பே வந்ததில்லை. அவருக்கு வரவேண்டிய களைப்பு முழுக்க அவர் மனைவிக்கு வந்தது. இது எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும். காய்கறி விலை தெரிவதுபோல் தெரியும். ஏறினாலும் இறங்கினாலும் நாம் என்ன செய்துவிட முடியும் என்கிற அளவில் தெரியும்.

முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு. நடுவில் கதவில்லாத வாசல், அதில் யாரோ வேண்டாமென்று விட்டுப்போன சோபாத் துணி ஒன்று திரையாகத் தொங்கும். கிழிந்த சோபாவும் குழி விழுந்த நாற்காலியும் அந்தக் கடைக்குள் போய், ஸ்பிரிங் மாற்றி, பஞ்சு அடைத்து, ரெக்சின் போர்த்திக்கொண்டு வெளியே வரும். வேலை செய்யும்போது அவர் ஆணிகளை உதட்டில் கவ்விக்கொண்டிருப்பார். நாக்கால் ஒவ்வொன்றாகத் தள்ளி எடுத்து அடிப்பார். ஏதாவது பேச வேண்டுமென்றால் அத்தனை ஆணியையும் உள்ளங்கையில் துப்ப வேண்டும். அப்படித் துப்புகிற அளவுக்கு முக்கியமான விஷயம் உலகத்தில் அதிகம் இல்லை என்பது அவர் கட்சி. ஊருக்கெல்லாம் உட்கார இடம் செய்து கொடுத்தவர் தான் மட்டும் உட்காரமாட்டார், குஷனைக்கூட முட்டியால் குத்தித்தான் சோதிப்பார்.

முதல் தடவை அது நடந்தது ஒரு மழைக்கால மாலையில். அன்று காலையிலிருந்து குனிந்தபடி ஸ்பிரிங் கட்டியதில் அவருக்கு இடுப்பு கழன்றுவிட்டது. மனைவி சமைத்து, துவைத்து, கைக்குழந்தையைத் தூங்கவைத்துவிட்டு அப்போதுதான் சுவரில் சாய்ந்து காலை நீட்டியிருந்தாள். அவர் திரையை விலக்கிக்கொண்டு வந்தார், ஆணிகளைத் துப்பினார், "நீ சும்மாதானே இருக்க, வந்து கொஞ்சம் இடுப்ப அமுக்கி விடு" என்றார். எங்கள் தெருவில் இந்த வாக்கியம் புழங்காத வீடு கிடையாது. உப்பு இல்லாமல்கூட ஒரு வேளை ஒப்பேற்றிவிடுவார்கள், இது இல்லாமல் முடியாது. ஆனால் அன்றைக்கு, அந்த வீட்டில், அது பலித்துவிட்டது. அவள் கை படுவதற்கு முன்பே அவருக்கு இடுப்பு வலி விட்டுவிட்டது. எழுந்திருக்கப் போனவள் அப்படியே மறுபடி உட்கார்ந்தாள். அவர் சீட்டியடித்துக்கொண்டு கடைக்குத் திரும்பி இன்னொரு சோபாவைப் பிரித்தார். அவள் நனைந்த மூட்டை மாதிரி சுவரோரமாகக் கிடந்தாள்.

அவர் ஒன்றும் முட்டாள் இல்லை. நாலு நாள் சொல்லிப் பார்த்தார், நாலு நாளும் பலித்தது. பிறகு இடுப்பை அமுக்கச் சொல்லும் பாதியை விட்டுவிட்டார், முதல் பாதியே போதுமாக இருந்தது. காலையில் கடை திறக்கும்போது ஒரு தடவை சொல்லிவிட்டால் அன்று முழுக்க ஓடியது. அவளும் தப்பிக்கப் பார்க்காமல் இல்லை. சும்மா இருந்தால்தானே பிடிக்கும் என்று, அவர் வாயைத் திறக்கும் நேரம் பார்த்துத் துடைப்பத்தை எடுத்தாள், அரிசி களைந்தாள், குழந்தைக்குத் தலை வாரினாள். ஒன்றும் எடுபடவில்லை. அந்த வாக்கியத்துக்கு அதெல்லாம் வேலைக் கணக்கில் வரவில்லை. அதுவும் எங்கள் தெருவில் பழகிய வாக்கியம்தானே, வேறெப்படி இருக்கும்?

இப்படி வருடங்கள் போயின. அவர் முகத்தில் சுருக்கம் விழவில்லை, ஊரே அவரை உழைப்பாளி என்றது. பிள்ளைகள் சோம்பிக் கிடந்தால் அவரைக் காட்டித்தான் திட்டினார்கள். அவளுக்குத் தெரு வைத்த பெயர் மெத்தை. எப்போது பார்த்தாலும் படுத்தே கிடக்கிறாளே, அதனால். படுத்த இடத்திலிருந்தே முன்பக்கம் என்ன வேலை நடக்கிறது என்று அவளுக்குத் தெரியும். ரெக்சினை இழுத்துப் பிடித்தால் அவள் முன்கை துடிக்கும், ஸ்பிரிங் கட்டினால் இடுப்பு, சுத்தியலென்றால் தோள். "டாக்டர் வீட்டு சோபா முடிஞ்சிருச்சு போல, தோள் விட்டுருச்சு" என்று மகளிடம் சொல்வாள், திரையை விலக்கிப் பார்த்தால் முடிந்திருக்கும். அந்த டாக்டரே ஒருநாள் அவளைச் சோதித்துவிட்டு, சுமை தூக்குகிறவர்களுக்கு வருகிற நோவு இது, நன்றாக ஓய்வெடுக்க வேண்டும் என்றார். ஓய்வெடுத்துக்கொண்டுதான் இருக்கிறாள் என்றார் கணவர். பொய்யென்று சொல்ல முடியாது.

மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு ஒரு மதியம், பசை காயட்டும் என்று அவர் ஓர் அரைகுறை நாற்காலியில் சாய்ந்தார். வாயில் ஆணி இல்லை, கை இரண்டும் மடியில் வெறுமனே கிடந்தன. வாழ்க்கையில் அப்படி அவர் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவையாக இருக்கும். குடத்தைத் தூக்க முடியாமல் திரைக்குப் பக்கத்தில் நின்றிருந்தவள், மனதில் ஒன்றும் இல்லாமல்தான் சொன்னாள், "நீங்க சும்மாதானே இருக்கீங்க, இதக் கொஞ்சம் உள்ள வைங்களேன்" என்று. அவர் கழுத்து ஒரு பக்கமாகத் தொங்கிவிட்டது. அவள் குடத்தை ஒற்றைக் கையால் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள், பாதி வழியில் நின்றாள், குடத்தை வைத்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தாள். அவர் மறுநாள் வரை தூங்கினார். எழுந்து உட்கார்ந்தபோது இருவரும் ஒருவரையொருவர் நெடுநேரம் பார்த்துக்கொண்டார்கள். இருவருக்கும் புரிந்துவிட்டது.

அதற்குப் பிறகு ஒரு நல்ல காலம் இருந்தது, அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். காலையில் அவர் சொல்வார், மதியம் கையை மடியில் போட்டுக்கொண்டு உட்காருவார், அவள் சொல்வாள். மதியத்துக்கு மேல் அவள் தையல் மெஷினில் உட்கார்ந்து ஓரம் தைத்தாள், அவரைவிட நேராகத் தைத்தாள். பொழுது சாயும்போது கடையை மூடினார்கள். இருவருக்கும் வந்தது ஊரில் எல்லோருக்கும் வரும் பாதிக் களைப்பு, தூங்கினால் போய்விடுகிற களைப்பு. மகள் நடுவில் படுத்துக்கொள்வாள். வாடிக்கைக்காரர்களுக்கு சோபா ஒரு வாரம் தாமதமாகக் கிடைத்தது. அந்த ஒரு வாரம் தரையில் உட்கார்ந்ததால் யாரும் செத்துப்போகவில்லை. கடை அதுபாட்டுக்கு ஓடியது, சந்தோஷமாகவே இருந்தார்கள். அப்படியே விட்டிருந்தால் இந்தக் கதைக்கு வேலையே இல்லை.

எதிர்வரிசையில் இன்னொரு குஷன் கடை வந்தது. 'அன்றே டெலிவரி' என்று வாசலில் போர்டு வைத்தான். போட்டிக்காரனைப் பார்த்த நாளிலிருந்து இவர் உட்காருவதை நிறுத்தினார். சாப்பிடுவது நின்றபடி, அதுவும் இடது கையில் கத்தரிக்கோலோடு. படுக்கும்போதும் சணல் நூலை விரலில் முறுக்கிக்கொண்டே இருப்பார். தூக்கம் அவருக்குத் தேவைப்படவும் இல்லை. அவள் நுனிநாக்கில் வாக்கியத்தை வைத்துக்கொண்டு அவர் பின்னாலேயே அலைந்தாள், அவர் கை காலியாகிற நேரம் வரவேயில்லை. அந்த நூல் அவரைக் காத்தது. அவளும் அதேபோல் ஒரு நூலை எடுத்து முறுக்கிப் பார்த்தாள். அவள் கையில் அது வெறும் நூல். மெஷினில் இருந்தால் வாக்கியம் தன்னைப் பிடிக்காது என்று அவள் கண்டுபிடித்த வாரமே, "நீ எதுக்குக் கஷ்டப்படணும்?" என்று அன்பாகச் சொல்லி, அவர் மெஷினைக் கடையின் மறுகோடிக்கு மாற்றிவிட்டார். அவ்வளவு தூரம் நடக்க அவளுக்குத் தெம்பில்லை. பசுத்தோல் போர்த்திய புலி என்பார்களே, எங்கள் தெருவில் அதற்கு ரெக்சின் போர்த்தியிருந்தது.

மகள் கல்லூரியில் சேர்ந்த வருடம் சினிமா தியேட்டர் ஒன்றின் இருக்கைகள் மொத்தமும் வேலைக்கு வந்தன. கொடுத்த அவகாசத்தில் ஆகாது என்று போட்டிக்காரன் கையை விரித்துவிட்டான், இவர் சரியென்றார். தள்ளுவண்டியில் வரிசை வரிசையாக இருக்கைகள் வந்து இறங்கின. பின்பக்கம் அவள் திரும்பிப் படுப்பதையும் நிறுத்திவிட்டாள். மகள் கல்லூரியை விட்டுவிட்டு அம்மா தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். ஒருநாள் அவள் போய் அப்பாவிடம் கேட்டாள், கொஞ்ச நேரம் உட்காருங்கள், ஒரு மணி நேரம் போதும், அம்மா எழுந்து கஞ்சி குடிக்கட்டும் என்று. அவர் ஆணிகளைத் துப்பினார். "தியேட்டர் முடியட்டும்" என்றார். பிறகு அத்தனை ஆணியையும் திரும்ப வாயில் போட்டுக்கொண்டார்.

கடைசி வரிசையின் கடைசி ஆணி இறங்கியபோது உள்ளே அவள் மூச்சு நின்றது. அதற்குச் சற்று முன்னால் மகளை அருகே கூப்பிட்டு, "எங்கயும் சும்மா உக்காந்துறாத" என்று மட்டும் சொன்னாளாம். ஆறு பேர் சேர்ந்து அவளைத் தூக்கப் பார்த்தார்கள், முடியவில்லை. செத்த பிறகும் களைப்பு இறங்கவில்லை, உடம்பு அவ்வளவு கனம். இருக்கைகள் வந்த தள்ளுவண்டியில்தான் ஏற்றிக் கொண்டுபோனோம். வண்டிச் சக்கரம் தார்ச்சாலையில் பதித்த தடம் தெருக்கோடி வரைக்கும் இன்னமும் இருக்கிறது, மழை பெய்தால் அதில் தண்ணீர் தேங்கும். அவர் நின்றபடியே அழுதார், உண்மையாகத்தான் அழுதார். அழுது முடித்ததும் தூணைப் பிடித்துக்கொண்டுதான் நிற்க முடிந்தது. தியேட்டர்க்காரர்கள் கைதட்டி அனுப்பினார்கள், சொன்ன தேதியில் முடித்த ஆள் என்று.

மறுநாள் அவருக்குச் சுத்தியல் தூக்க வரவில்லை. களைப்பைத் தாங்கிப் பழகாத உடம்பு, இரண்டு ஆணிக்கே வியர்த்துவிட்டது. திரையை விலக்கினார். மகள் அம்மாவின் பாயில் சும்மா உட்கார்ந்திருந்தாள். அவர் ஆணிகளைத் துப்பிவிட்டு, "நீ சும்மாதா" என்று தொடங்குவதற்குள் அவள் எழுந்து, அவர் இடுப்பை இடித்துக்கொண்டு கடைக்குள் போய், யாருடையதோ ஒரு நாற்காலியில் ஆணியை வைத்து அடித்தாள். கட்டைவிரலில் பட்டு ரத்தம் வந்தது. இரண்டாவது ஆணியை வைத்தாள். அவரை அவள் வெறுத்தாள், அதை ஒளிக்கவும் இல்லை. அன்றிலிருந்து அப்பாவும் மகளும் ஒரே கடையில், வாயில் ஆணியோடு, எதிரெதிரே நின்றபடி வேலை செய்தார்கள். ஒருவர் உட்காரட்டும் என்று மற்றவர் காத்திருந்தார். வீட்டில் பேச்சே இல்லை, கடை அமோகமாக ஓடியது. போட்டிக்காரன் போர்டைக் கழற்றிக்கொண்டு போனான். நல்ல குடும்பம், சேர்ந்து உழைக்கிறார்கள் என்றோம்.

அவருக்குத் தலை நரைத்து, கண் மங்கி, ஆணி தவறித் துணியில் இறங்கத் தொடங்கிய சமயத்தில் அவள் ஒரு நாற்காலி செய்தாள். யாரும் கொடுத்த வேலை இல்லை. சாய்வு முதுகு, அகலமான கைப்பிடி, ஸ்பிரிங் ஒவ்வொன்றையும் இரட்டைக் கயிற்றில் கட்டியிருந்தாள். கடையில் அவ்வளவு நேர்த்தியான சாமான் அதுவரை வந்ததில்லை. அவர் வழக்கப்படி முட்டியால் குத்திப் பார்த்தார். இடப்பக்கம் அழுத்தம் கம்மியாக இருக்கிறதோ என்று அவளே சந்தேகம் கேட்டாள். முட்டிக்கு அதெல்லாம் தெரியாதே, உட்கார்ந்து கைப்பிடியை இரண்டு கையாலும் அழுத்தினால்தானே தெரியும் என்றாள். தொழில் விஷயம் என்றால் அவருக்கு மற்றதெல்லாம் மறந்துவிடும். சுத்தியலைக் கீழே வைத்தார், வாயிலிருந்த ஆணிகளை எடுத்துத் தட்டில் போட்டார், உட்கார்ந்தார், இரண்டு கையையும் கைப்பிடியில் வைத்தார். குஷன் அவரை வாங்கிக்கொண்டது. "அருமையா வந்திருக்கு" என்றார்.

மகள் தன் வாயிலிருந்த ஆணிகளை ஒவ்வொன்றாக எடுத்து உள்ளங்கையில் வைத்தாள். அவசரப்படவில்லை.

"நீங்க சும்மாதானே இருக்கீங்கப்பா" என்றாள்.

அவர் இன்னும் அந்த நாற்காலியில்தான் இருக்கிறார். மகள் அவரைப்போல் பேராசைக்காரி இல்லை, கணக்குத் தெரிந்தவள். அம்மாவை அவசரப்பட்டுச் செலவழித்துவிட்டார் என்பதுதான் அப்பாவைப் பற்றி அவளுக்கு இருந்த பெரிய குறை. அதனால் அவள் மதியம் ஒரு மணி நேரம் கடையை மூடுகிறாள், பொழுது சாய்ந்தால் ஆணி அடிப்பதில்லை, வாரத்தில் ஒருநாள் விடுமுறை. அவருக்கு வேளாவேளைக்கு நல்ல சாப்பாடு, சத்து மாத்திரை, மாதம் ஒருமுறை டாக்டர். இப்படியே கவனித்துக்கொண்டால் ரொம்ப நாள் வருவார் என்று டாக்டர் சொன்னதைக் கேட்டு அவள் மனம் குளிர்ந்தது. வியாபாரிகள் சங்கத்தில் அவளைக் கூப்பிட்டு, உடம்பையும் கெடுத்துக்கொள்ளாமல் தொழிலையும் நடத்துவது எப்படி என்று பேசச் சொன்னார்கள். அவள் மேடையேறி ரொம்ப நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. "எல்லாம் அளவா செய்யணும். வேலைன்னா களைப்பு வரத்தான் செய்யும். ரெண்டையும் ஒரே ஆளு தாங்கணும்னு இல்ல" என்று சொல்லிவிட்டு இறங்கினாள். நாங்கள் எழுந்து நின்று கைதட்டினோம்.

எப்போதாவது மதிய இடைவேளையில் அவர் கண்ணைத் திறந்து, "இன்னிக்குக் கொஞ்சம் சீக்கிரம் மூடேன்மா" என்று கேட்பார். அவள் ஆணிகளைத் துப்புவதில்லை. வாடிக்கைக்காரர்கள் இப்போது அவளைத் தொந்தரவு செய்வதும் இல்லை, நேரே அவரிடம்தான் போய் விசாரிக்கிறார்கள். போன வாரம் என் சோபாவைப் பற்றிக் கேட்கப் போயிருந்தேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "நாளைக்கு வாங்க, இடுப்பு இன்னும் விடல" என்றார். மறுநாள் போனேன், சோபா தயாராக இருந்தது.