மூன்று நாள் சராசரி

பஸ் குலுங்கிய குலுங்கலில் பென்சில் முனை ஒடிந்தது. விண்ணரசி பல்லால் கடித்தே அதைக் கூராக்கினாள். பதினோரு மணிக்கு அரியலூரில் விசாரணை. அதற்குள் ஒரே ஓர் எண் கிடைத்தாக வேண்டும். ஏரிக்கரை உடைவதற்கு முந்தைய நாள், அந்த ஞாயிற்றுக்கிழமை, அப்பா எத்தனை அடி என்று எழுதினார்?

அப்பா சவரிமுத்து பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். விக்கிரமங்கலத்தை ஒட்டிய ஏரியில் தினமும் அளவுக்கல்லைப் பார்த்துச் சீட்டு எழுதி அனுப்புவது அவர் வேலை. தண்ணீர் ஒன்பது அடியைத் தாண்டியதைச் சொல்லவில்லை என்று இப்போது அவர்மேல் பழி. வேலை போகும்; ஜெயிலும் உண்டு என்றார்கள்.

சீட்டுகள் இல்லை. யுத்தகாலக் காகிதப் பஞ்சத்தில் ஆபீஸே எடைக்குப் போட்டுவிட்டது. பெரம்பலூர் ஆபீஸ் பேரேட்டில் மிஞ்சியது சராசரி மட்டும்: அன்றைய அளவையும் முந்தைய இரண்டு நாள் அளவையும் கூட்டி மூன்றால் வகுத்தது. அதைத்தான் நகலெடுத்து விண்ணரசி மடியில் வைத்திருந்தாள்.

"மூணு நாளையும் கலக்கிட்டான். இனிமே எங்கேருந்து பிரிப்பே? விட்டுரும்மா."

"பிரிக்கலாம்ப்பா. இன்னைய சராசரியில நேத்தையதைக் கழிச்சு மூணால பெருக்குங்க. இன்னைக்கும் மூணு நாளைக்கு முந்தியும் தண்ணியில என்ன வித்தியாசம்னு வந்துரும். பேரேடு தொடங்கின முதல் மூணு நாளும் ஏரி கட்டாந்தரை. அங்கேருந்து நாள் நாளா ஏறி வரேன். ஒன்பதுக்கு மேல நீங்க எழுதியிருந்தா, தப்பு ஆபீஸ்மேல."

பெட்ரோல் கிடைக்காமல் கரிவாயுவில் ஓடிய பஸ் இருமி நின்றது. "கரி அடங்கிருச்சு! ஆம்பளைங்க எறங்கித் தள்ளுங்க!" என்றான் கண்டக்டர் சிங்காரவேலு.

சவரிமுத்துதான் முதலில் குதித்தார்.

"பெருசு, விசாரணைக்கு இம்புட்டு அவசரமா? நீங்க தள்ளுற தள்ளுக்குக் கரியே வேணாம் போலிருக்கே!" என்று கண்டக்டர் சிரித்தான்.

அவர் வியர்த்து ஏறி வந்தபோது விண்ணரசி எழுதுவதை நிறுத்தியிருந்தாள். சனிக்கிழமை ஆறு அடி. ஞாயிறும் ஆறே அடி. அதற்கு முந்தைய வாரம் நாலேகால், நாலேகால். அதற்கும் முந்தி மூன்று, மூன்று. மற்ற நாளெல்லாம் தண்ணீர் ஏறிக்கொண்டே வந்தது.

"அப்பா, அந்தச் சனிக்கிழமை ராத்திரி விடிய விடிய மழை. ஞாயித்துக்கிழமை மட்டும் ஏரி ஏறலையா?"

சவரிமுத்து ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். அரியலூர் ஸ்டேஷன் கைகாட்டி தெரிந்தது.

"ஞாயிறு நமக்குக் கடன் திருநாள், அன்னைக்கு வேலை செஞ்சா பாவம்மா. ஏலாக்குறிச்சி மாதா கோயில் பூசைக்குப் போயிருவேன். சனிக்கிழமை சாயந்திரமே ரெண்டு சீட்டையும் எழுதி வச்சிருவேன்."

"எத்தனை வாரமாப்பா?"

"வாரமா? பதினெட்டு வருஷமா ஞாயித்துக்கிழமைல அளவுக்கல்லை நான் பாத்ததே இல்ல."