ஓம், அம்மாமாரோடதான்

"தமிழில கதை, கஜந்தினி, கோச்சுக்கு விளங்கப்படாது. புதன்கிழமை ஜிம் நேரம் எங்கட ரீமுக்கு வேணும். அவ்வளவுதான்."

"அது நெற்போல் கிளப்பின்ர நேரம், விதுர்சன். கொலிஜ் ஆக்கள் எழுதித் தந்தவை."

"ஓம், எழுதித் தந்தவை. டேர்ம் முடியிறதுக்குள்ள வெளி ரீம் ஒண்டோட, முழு ஆக்களோட, ஒரு மட்ச் விளையாடோணும் எண்டும் எழுதிக்கிடக்கு. வாசிச்சனியோ? மொன்ட்ரியாலில நெற்போல் ஆர் விளையாடினம்? ஆரோட ஆடப் போறியள்? உங்கட அம்மாமாரோடயோ?"

சொல்லிவிட்டு அவனே சிரித்தான்.

நான் ஜிம் கதவுக்கு வெளியே வேலைச் சப்பாத்தோடு நின்றிருந்தேன். சென்ட் லோரன்டில் மருந்துப் பெட்டி அடுக்கும் வேலை முடிந்து, மகள் கஜந்தினியை ஏற்றிக்கொண்டு போக வந்திருந்தேன். விதுர்சன் அவளோடு சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடம் போன பெடியன். இப்போது அவள் படிக்கும் அதே சின்னக் கல்லூரியின் கூடைப்பந்து அணியில் ஆடுகிறான்.

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன்.

"ஓம் தம்பி, அம்மாமாரோடதான்."

"ஐயோ, சொறி அன்ரி. பகிடிக்குச் சொன்னனான்."

"நான் பகிடிக்குச் சொல்லேல்லை."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று சொல்ல வேண்டும். கல்லூரி அணி என்றால் பஸ், உடுப்பு, பயிற்சியாளர் எல்லாம் கிடைக்கும். கிளப் என்றால் பிள்ளைகளே நடத்த வேண்டும். கிடைப்பது வாரத்தில் ஒரு தடவை ஜிம் மட்டும்தான். போன வருடம் கஜந்தினி பெண்கள் கூடைப்பந்து அணித் தேர்வுக்குப் போனாள். ஒன்பது வயதிலிருந்து அவளுக்குப் பந்து பழக்கியது நான். எனக்குத் தெரிந்தது நெற்போல் என்கிற வலைப்பந்து. அதில் பந்தைப் பிடித்தால் ஓடக் கூடாது, நிற்க வேண்டும். வளையம் ஒன்றுதானே என்று நினைத்து அதையே பழக்கிவிட்டேன். தேர்வில் பந்து கையில் வந்த ஒவ்வொரு முறையும் பிள்ளை மரம் மாதிரி நின்றாள். மற்றவர்கள் தட்டிப் பறித்துக்கொண்டு ஓடினார்கள். "உனக்குக் கால் அசையவில்லை" என்று அனுப்பிவிட்டார்கள்.

அது என் பிழை. அவள் ஒரு நாள் அழுதாள். அடுத்த நாள் சுவரில் ஒரு தாளை ஒட்டி, ஹெயிட்டி, மொரோக்கோ, கியூபெக் என்று பதினொரு பெட்டைகளைச் சேர்த்து வலைப்பந்து கிளப் தொடங்கினாள். அந்தப் புதன்கிழமையை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

காரில் ஏறியதும் தொடங்கினாள். "அம்மா, உங்களுக்கு நாப்பத்தொன்பது வயசு!"

"அதுக்கென்ன? வளையத்தை உயத்திப்போட்டாங்களோ?"

வீட்டில் அவர், என் கணவர் குணரத்தினம், தேத்தண்ணிக் கோப்பையை வைக்காமலே கேட்டார். "முழங்கால் கழண்டா என்ன செய்வீர்?"

"பதினெட்டு வருசம் பெட்டி தூக்கிக் கழலாத முழங்கால், பந்து பிடிச்சோ கழலப்போகுது?"

என்னோடு வேலை செய்யும் கத்தரின் மன்னாரில் பள்ளிக்கூட அணிக்கு ஆடியவள். விசயத்தைச் சொன்னதும், "தள்ளினால் இப்பவும் பிழையோ?" என்றுதான் முதலில் கேட்டாள். ஞாயிறு பூசை முடிந்து அவள் பிடித்துவந்த ஆள் பிரியந்தி. விதுர்சனின் அம்மா! அந்தக் காலத்தில் தடுப்பாட்டக்காரியாம். மகனுக்கு ஒருநாளும் சொன்னதில்லையாம்.

"அம்மா, என்ர மானத்தை வாங்காதேங்கோ" என்று அவன் கெஞ்சினானாம்.

"உன்ர மட்ச் எல்லாத்துக்கும் குளிருக்குள்ள வந்து கைதட்டினனான். டிசம்பர் ஆறாம் திகதி நீ வந்து தட்டு" என்றாளாம் பிரியந்தி.

மொன்ட்ரியால்-நோர் பகுதியிலிருந்து அக்காவும் தங்கையுமாக இரண்டு பேர் வந்தார்கள். போன ஞாயிறு கார்ட்டியர்வில் பூங்காவில் கையுறையோடு பழகினோம். நான் எறிந்த முதல் ஆறு பந்தும் வளையத்தில்கூடப் படவில்லை. கத்தரின் விழுந்து எழும்பினாள். ஏழாவது பந்து பின்பலகையில் படாமல் நேராக உள்ளே இறங்கியது. வலைப்பந்தில் பலகை கிடையாது, நாங்கள் அப்படித்தான் பழகினோம். கஜந்தினி கைதட்டவில்லை. பந்தை எடுத்து என்னிடம் எறிந்து, "இன்னொருக்கா" என்றாள்.

நாங்கள் ஐந்து பேர் இருக்கிறோம். ஏழு பேர் வேண்டும். டிசம்பர் ஆறு, சனிக்கிழமை, பின்னேரம் இரண்டு மணி. ஏழு பேர் இல்லாவிட்டால் அது மட்சாகக் கணக்கில்லை, புதன்கிழமையும் போய்விடும்.

மொன்ட்ரியாலில் இருக்கிற அக்காமாரே, தங்கைமாரே, நீங்கள் பள்ளிக்கூடத்தில் வலைப்பந்து ஆடியிருக்கிறீர்களா? வயிறு வைத்துவிட்டது என்று யோசிக்க வேண்டாம், எனக்கும் வைத்திருக்கிறது. எந்த இடத்தில் நின்று ஆடினீர்கள், சனிக்கிழமை வேலை இருக்கிறதா, இந்த இரண்டையும் கீழே எழுதுங்கள். ஏற்றிக்கொண்டு போக நான் வருகிறேன்.