விமானத்தில் ஏற்றக் கூடாத கிட்டார்

கிட்டாரை மேசைமேல் கிடத்தி, கழுத்துப் பக்கம் உடைந்து ஒட்டியிருந்த இடத்தை மறைக்காமல் காட்டினான் ராஜிக். முடி கனத்தில் ஒரு கோடு. யாரோ ஊருக்குப் போகும்போது விற்றுவிட்டுப் போன பழைய கிளாசிக்கல் கிட்டார். ஷார்ஜா தொழில்பேட்டையில், கராஜ் ஒன்றின் மாடியிலிருந்த தன் அறையில் வைத்து அவன் அதைச் சரிசெய்திருந்தான்.

"வாசிக்க ஒரு கொறையும் இல்ல, அண்ணன். பிளேன்ல மட்டும் ஏத்த வாணாம். சாமானோட போட்டாங்கன்டா ஒட்டு விட்டுரும்."

"கையில கொண்டு போனா?"

"மடியில வச்சித் தாலாட்டவா போறீங்க? இங்கயே வச்சி வாசிங்க."

அதை வாங்க அங்கே வந்திருந்த கிளிட்டஸ் சிரிக்கவில்லை. இங்கே எதை வாங்கினாலும் ஊருக்குக் கொண்டுபோக முடியுமா என்றுதான் முதலில் பார்ப்பார். கிறிஸ்துமஸோடு வேலையை முடித்துக்கொண்டு வந்துவிடுவதாக மனைவி சுபிஷாவிடம் சொல்லியிருந்தார். கம்பெனியில் இன்னொரு ஒப்பந்தத்துக்குக் கேட்கிறார்கள் என்பதைச் சொல்லவில்லை. அவர்களுக்கும் இன்னும் மறுப்புச் சொல்லவில்லை.

எடுத்து மீட்டினார். நைலான் தந்திகள்தான், ஆனாலும் பழக்கம் விட்டுப்போன விரல் நுனிகள் வலித்தன. திருமணத்துக்கு முன்பே கிளம்பி வந்துவிட்டவர். அவர் வாசித்துச் சுபிஷா கேட்டதே இல்லை.

வீடியோ காலில் அவளைக் கூப்பிட்டு, போனைச் சுவரில் சாய்த்து வைத்து வாசித்தார்.

"கை மட்டும் ஆடுது. சத்தம் வரல்லியே."

"பேச்சுக் கொரல விட்டுட்டு மத்ததெல்லாம் இரைச்சல்ன்டு போன் வெட்டிரும்," என்றான் ராஜிக்.

கிளிட்டஸ் நிறுத்தினார்.

"ஏன் நிறுத்திட்டிய?"

"கேக்கலன்னியே."

"பாக்கேன்லா. வாசிங்க."

மீண்டும் வாசித்தார். நிமிர்ந்தபோது அவள் அசையாமல் இருந்தாள். படம் உறைந்துவிட்டதோ என்று நினைத்தார்.

"வாங்குங்க," என்றாள்.

"ஊருக்குக் கொண்டு வர முடியாது. பிளேன்ல ஒடஞ்சிரும்."

கீழே யாரோ இரும்பு அறுத்துக்கொண்டிருந்தார்கள்.

"கொண்டு வர முடியாதத எதுக்குப் பாக்கிய? கிறிஸ்துமஸுக்கு லீவுலதான் வருவிய, இல்லியா?"

அவர் பார்வையைத் தந்திகளுக்குத் தாழ்த்தினார்.

"அங்கதான் இருக்கணும்னா எதுக்கு வெறுங்கையா இருக்கிய? வாங்கி வாசிங்க. எனக்கு எப்பமாவது கேக்கும்."

கிளிட்டஸ் தலையசைத்தார். ராஜிக் உறை தேடி உள்ளே போனான். திரையில் அவள் அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். போனை வைக்கட்டுமா என்று இருவருமே கேட்கவில்லை.