கூட்ஸ் வண்டி ரிப்பேர் செய்த கம்ப்யூட்டர்

இரும்புலியூர் ஜெபராஜ் வீட்டுக் கம்ப்யூட்டரை ரிப்பேர் செய்தது ஐம்பத்தெட்டு வேகன் கொண்ட ஒரு கூட்ஸ் வண்டி. நின்றுகூடச் செய்யவில்லை, போகிற போக்கில் செய்துவிட்டுப் போயிற்று. செங்கல்பட்டு தாண்டின பிறகுதான் எஞ்சினுக்கே மூச்சு வந்ததாம்.

இதை ஜெபராஜ் சர்ச் வாசலில் சொன்னார், ரேஷன் கடை வரிசையில் சொன்னார், பல் பிடுங்கப் போன இடத்தில் வாயில் பஞ்சோடு சொன்னார். கேட்டவர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும். நடந்தபோது பக்கத்தில் ஒரு சாட்சி இருந்தார். அந்தச் சாட்சியும் லேசில் ஒத்துக்கொள்கிற ஆள் இல்லை.

ஜெபராஜ் முப்பத்துநாலு வருஷம் தாம்பரம் யார்டில் வண்டிச் சக்கரங்களைச் சுத்தியலால் தட்டிப் பார்த்தவர். நல்ல சக்கரம் 'ணங்' என்னும். விரிசல் விட்டது 'டொக்' என்னும். அவர் காதுக்குச் சக்கரத்தின் ஜாதகமே கேட்கும் என்று யார்டில் பேச்சு. பேசியவரும் அவரேதான்.

ரிட்டயர் ஆனாலும் ரயில்வே அவரை விட்டுப் போகவில்லை. வேகன் என்றால் தேதி தவறாமல் ஓவர்ஹால் உண்டு. அடுத்த தேதியை அதன் மேலேயே வெள்ளை பெயின்டில் எழுதுவார்கள். மகன் வாங்கி வைத்துவிட்டு துபாய் போன கம்ப்யூட்டருக்கும் அதே மரியாதை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பெட்டியைத் திறந்து, உள்ளே இருக்கிற கார்டுகளைப் பிடுங்கி, பிரஷ்ஷால் துடைத்து, மறுபடி சொருகி, பெட்டியின் பக்கவாட்டில் பெயின்டால் தேதி போடுவார்.

"பொம்பளைப் பிள்ளைக்குப் பொட்டு வைக்கிற மாதிரி வைக்கிறாரு" என்பாள் மனைவி பியூலா.

2002 பிப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை நடந்த ஓவர்ஹாலுக்குப் பிறகுதான் கம்ப்யூட்டர் ஊமையானது. திரையின் மூலையில், கடிகாரத்துக்குப் பக்கத்தில் இருந்த மஞ்சள் ஸ்பீக்கர் படத்தையே காணோம். ஞாயிற்றுக்கிழமை பழைய சிநேகிதர் ஆஸ்டின் வரவேண்டியிருந்தது. அன்று ராத்திரியே அவருக்கு ஃப்ளைட். தன் மகனோடு மெல்போர்னில் நிரந்தரமாக இருக்கப் போகிறார். 'போறதுக்கு முன்னால ஒண்ணு கேட்டுட்டுப் போ' என்று ஜெபராஜ்தான் வரச் சொல்லியிருந்தார். என்ன என்று சொல்லவில்லை.

ஆஸ்டின் பேங்கில் இருந்தவர். அறுபது வயதில் ஆறு மாத கம்ப்யூட்டர் கோர்ஸ் முடித்து, சர்ட்டிபிகேட்டை லாமினேட் செய்து ஹாலில் மாட்டியவர். மூன்று மணிக்கு வந்தவர், சத்தம் வரவில்லை என்றதும் சட்டைக் கையை மடித்தார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

கண்ட்ரோல் பேனலைத் திறந்தார். சவுண்ட் செட்டிங்ஸ் முழுக்கச் சாம்பல் பூத்துக் கிடந்தது. எதை அமுக்கினாலும் அசையவில்லை. டிரைவர் சிடியைப் போட்டார். ஆஃப் பண்ணி ஆன் பண்ணினார். ஒரு மணி நேரம் போயிற்று.

"ஜெபா, சவுண்ட் கார்டே இல்லைங்குது. செத்துப்போச்சு. புதுசு வாங்கணும்னா ரிச்சி ஸ்ட்ரீட், இன்னிக்கு லீவு. விடு, எனக்கும் பெட்டி கட்டணும்."

"உக்காருடா."

"என்னடா?"

"அதுக்குள்ள டெபோரா இருக்கா."

ஆஸ்டினின் மனைவி டெபோரா இறந்துபோய் நாலு வருஷம் ஆகியிருந்தது.

எழுபத்தெட்டாம் வருஷக் கிறிஸ்மஸில் டெபோராவோடு இவர்களெல்லாம் ரயில்வே காலனியிலிருந்து வீடு வீடாக கேரல் பாடிக்கொண்டு போனார்கள். அந்தக் காலத்தில் முடிச்சூர் பக்கம் வயலும் தவளையும்தான். அன்றைக்கு யாரோ டேப் ரெக்கார்டரைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். அந்த கேசட் ஜெபராஜின் டிரங்குப் பெட்டியில் கிடைத்தது. பம்மல் கேசட் கடைக்காரர் அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுத்த மறுவாரமே டேப் நூல்நூலாகப் பிய்ந்துபோனது. இருப்பது இந்தப் பெட்டிக்குள் மட்டும்தான்.

ஆஸ்டின் மெதுவாக உட்கார்ந்தார்.

"நீ திறந்தியா இதை?"

ஜெபராஜ் சீலிங் ஃபேனைப் பார்த்தார். சமையலறையிலிருந்து பியூலா, "சொல்லுங்களேன், பெயின்ட்கூட இன்னும் காயல" என்றாள்.

"ஓவர்ஹால்தான்... லேசா."

"மூணு தரம் சொன்னேனேடா, உள்ள கை வைக்காதேன்னு! இது என்ன எலக்ட்ரிக் ட்ரெயினா? ஸ்க்ரூ டிரைவரைக் கொண்டா!"

சுவிட்சை அணைத்து, பெட்டியைத் தூக்கி மேஜைமேல் பக்கவாட்டில் படுக்க வைத்தார் ஆஸ்டின். ஒரு கையால் அதை அமுக்கிப் பிடித்துக்கொண்டு, ஸ்க்ரூ டிரைவருக்காக மறுகையை நீட்டினார். அப்போதுதான் வந்தது கூட்ஸ். ஜெபராஜ் வீட்டுக் காம்பவுண்டுக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே நாலு முருங்கை மரம்தான். டம்ளர் ஆடியது, காலண்டர் ஆடியது, மேஜை தானாகவே ஒரு முழம் நகர்ந்தது. பெருங்களத்தூரில் தேங்காய் விழுந்தது என்று பின்னாளில் ஜெபராஜ் சேர்த்துக்கொண்டார். ஐம்பத்தெட்டு வேகன், அவர் எண்ணாமல் விடுவாரா?

கடைசி வேகன் போகும்போது பெட்டிக்குள் 'டக்' என்றது.

"உக்காந்துடுச்சு!" என்று துள்ளினார் ஜெபராஜ். "கார்டு அது எடத்துல உக்காந்துடுச்சு. போடு சுவிட்சை!"

"லூசாடா நீ? திறக்கவே இல்ல இன்னும்."

"முப்பத்துநாலு வருஷக் காதுடா. போடு!"

போட்டார்கள். திரை நீலமாகி, ஸ்பீக்கர் இரண்டும் வணக்கம் சொல்வதுபோலக் கணீரென்று இசைத்தன. மூலையில் மஞ்சள் ஸ்பீக்கர் படம் வந்து உட்கார்ந்திருந்தது.

"பார்த்தியா! கூட்ஸ் வண்டி!"

"கூட்ஸாவது, குதிரையாவது. என் டிரைவர் சிடி இப்பத்தான் வேலை செஞ்சிருக்கு. சில சமயம் லேட்டாகும்."

ஜெபராஜ் மவுஸை நகர்த்தி இரண்டு தட்டு தட்டினார்.

முதலில் இரைச்சல். ஒரு நாய். தூரத்தில் யார்டில் நீராவி எஞ்சின் ஊதுவது. பிறகு பத்துப் பதினைந்து குரல்கள், ஆளுக்கொரு சுருதியில். அடியில் எருமை மாதிரி ஜெபராஜ். எல்லாவற்றுக்கும் மேலே, மெல்லிசாக, தவறாமல் ஒரு குரல் ஏறியது. ஆஸ்டின் கண்ணாடியைக் கழற்றினார்.

பாட்டு முடிந்தும் டேப் ஓடியது. காலடிச் சத்தம், சிரிப்பு. அதே குரல் சொன்னது: "ஆஸ்டின், டார்ச்சைக் கீழ காட்டுங்க, ஒரே சேறு. உங்களத்தான்!"

ஆஸ்டினின் கை தானாகத் தரைப் பக்கம் இறங்கியது.

மறுபடி போடச் சொன்னார். மறுபடியும். ஐந்தாவது தடவைக்குப் பிறகு பியூலா டீ கொண்டுவந்து, "யாருதான் சரி பண்ணினது, அண்ணா? இவரு கூட்ஸுங்கறாரு" என்று கேட்டாள்.

டிரைவர் சிடி மேஜைமேல்தான் கிடந்தது. ஆஸ்டின் அதைப் பார்த்தார், ஜெபராஜைப் பார்த்தார், ஈரக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"கூட்ஸ்தான்மா. பெட்டியை நான்தானே புடிச்சிருந்தேன்? என் உள்ளங்கைக்குக் கீழதான் டக்குன்னு உக்காந்துச்சு."